நெல் வயலுக்கு மண்புழு உரம்: தொட்டி போடுவது முதல் அறுவடை எடை வரை

காய்கறிப் பாத்தியில் கண்ணை மூடிக்கொண்டு தூவினாலும் மண்புழு உரம் வேலை செய்யும். நெல்லில் அப்படி இல்லை. காரணம் தண்ணீர். வயலில் நீர் கட்டிய சில நாட்களிலேயே சேற்றில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடும். நன்றாக முதிர்ந்த மண்புழு உரத்தில் பயிருக்கு உடனே கிடைக்கக்கூடிய தழைச்சத்தின் (நைட்ரஜன்) பெரும்பகுதி நைட்ரேட் வடிவில் இருக்கும். ஆக்சிஜன் கிடைக்காத சேற்று நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டைத்தான் சுவாசிக்க எடுத்துக்கொள்ளும். முடிவில் அது நைட்ரஜன் வாயுவாகக் குமிழிட்டுப் போய்விடும். பச்சைச் சாணத்தில் இருக்கும் அம்மோனியம் சேற்றிலேயே களிமண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கும். நைட்ரேட்டுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. ஆகவே இந்த உரத்தை வயலில் எந்த இடத்தில், எந்த நாளில் போடுகிறோம் என்பது, எத்தனை கிலோ போடுகிறோம் என்பதைவிடப் பெரிய கேள்வி.

இன்னொன்றையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். ஏக்கருக்கு 2 டன் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அதைச் சொந்தமாகத் தயாரிக்க எவ்வளவு மூலப்பொருள் வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தால், கைக்கு வரும் உரம் குறைவு, அதை எங்கே செலவழிப்பது என்பதே உண்மையான திட்டமிடல் என்பது புரியும்.

தொட்டிக் கணக்கு

3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 60 செ.மீ. உயரம் உள்ள தொட்டி கையாள வசதியானது. அகலம் 1 மீட்டரைத் தாண்டினால் நடுப்பகுதிக்குக் கை எட்டாது. புழுவை மிதிக்காமல் கிளற முடியாது. உயரத்தில் 45 முதல் 50 செ.மீ. வரைதான் நிரப்ப வேண்டும். அதற்கு மேல் போனால் அடியில் காற்று போகாது, எடையில் அமுங்கிப் புளிக்கத் தொடங்கும்.

இந்த அளவுத் தொட்டியை ஒருமுறை நிரப்பத் தேவையானவை: காய்ந்த வைக்கோல் 150 கிலோ, பச்சைச் சாணம் 500 கிலோ, பசுந்தழை 150 கிலோ. இந்த விகிதத்துக்குக் காரணம் இருக்கிறது. வைக்கோலில் கரிமம் ஏறத்தாழ 40 சதவீதம், தழைச்சத்து 0.6 சதவீதம் அளவுதான். வைக்கோலும் சாணமும் மட்டும் மேற்சொன்ன அளவில் சேர்ந்தால் கரிம–தழைச்சத்து விகிதம் 35க்கு மேல் நிற்கும், மக்குவது இழுத்தடிக்கும். கிளைரிசிடியா, அகத்தி, தக்கைப்பூண்டு மாதிரி பயறு குடும்பத்துத் தழை 150 கிலோ சேரும்போது அது 30க்கு அருகில் இறங்கும். அதுதான் வேண்டியது. தழை கிடைக்காவிட்டால் சாணத்தை 700 கிலோவாக உயர்த்தலாம். தழைக்குப் பதிலாகக் கோழி எருவை அள்ளிப்போட்டால் அம்மோனியா கிளம்பிப் புழு சாகும். கோழி எரு சேர்ப்பதானால் குவியல் சூடேறும் கட்டத்திலேயே சேர்க்க வேண்டும், தொட்டியில் ஒருபோதும் கூடாது.

இவ்வளவும் போட்டால் கையில் வருவது எவ்வளவு? ஈர எடையில் 800 கிலோ போட்டாலும் அதில் உலர் பொருள் ஏறத்தாழ 270 கிலோதான். மக்கும்போது அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கரியமில வாயுவாகப் போய்விடும். மீதி ஏறத்தாழ 145 கிலோ. 30 சதவீத ஈரத்தோடு எடை போட்டால் 200 முதல் 210 கிலோ. ஒரு டன் போட்டால் அரை டன் உரம் வரும் என்று சொல்லப்படுவதில் பாதி தண்ணீர், கொஞ்சம் மண். அப்படிப் பார்த்தால் 2 டன்னுக்குப் பத்துத் தடவை தொட்டி நிரப்ப வேண்டும், 5 டன் சாணம் வேண்டும். நடைமுறையில் எட்டக்கூடியது ஏக்கருக்கு 1 டன். அதற்கு ஐந்து தடவை நிரப்பினால் போதும்: வைக்கோல் 750 கிலோ, சாணம் 2.5 டன். நாளுக்குப் பத்துக் கிலோ வீதம் சேர்த்தால் இரண்டு மாடுகளின் நான்கு மாதச் சாணம் அது. இந்த 1 டன்னைத்தான் கீழே பிரித்துச் செலவழிக்கப் போகிறோம்.

நாட்களைப் பின்னோக்கி எண்ணிக்கொள்ள வேண்டும். குவியலில் 20 நாள், தொட்டியில் 55 முதல் 60 நாள், நிழலில் ஆற 10 முதல் 15 நாள். ஆக விதை தெளிக்கும் நாளுக்கு 95 நாள் முன்பாவது முதல் குவியல் போட்டாக வேண்டும். குளிர் மாதங்களில் தொட்டிக் காலம் இன்னும் இரண்டு மூன்று வாரம் நீளும். இந்தக் கணக்கைத் தவறவிட்டு அவசரத்தில் அரைகுறையாக மக்கியதை வயலில் கொட்டுவதுதான் நெல்லில் நடக்கும் முதல் சேதம்.

தொட்டியின் தரை கெட்டியாக, மீட்டருக்கு 2 செ.மீ. சரிவோடு, தாழ்ந்த முனையில் வலை பொருத்திய ஒரு வடிதுளையோடு இருந்தால் போதும். அடியில் செங்கல் ஜல்லி, மணல் என்று அடுக்கடுக்காகப் போடும் முறை வயல் அளவுத் தேவைக்கு உதவாது. உரம் அள்ளும்போது ஜல்லியும் சேர்ந்தே வரும், நாற்றங்காலில் வேரைத் தடுக்கும். கூரையில்தான் சிக்கனம் பார்க்கக் கூடாது. வைக்கோலில் உள்ள சாம்பல் சத்து (பொட்டாசியம்) தண்ணீரில் எளிதில் கரையக்கூடியது. நெற்பயிர் எடுத்த சாம்பல் சத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் இருக்கும். திறந்த தொட்டியில் இரண்டு பெருமழை விழுந்தால் அது பழுப்பு நீராக ஓடிப்போகும். சாரல் அடிக்காதபடி கூரை விளிம்பு தொட்டிக்கு வெளியே அரை மீட்டர் நீண்டிருக்கட்டும்.

சூடேற்றும் குவியல்

வைக்கோலை நேரடியாகத் தொட்டியில் போட்டுப் புழுவை விட்டால் மூன்று மாதம் கழித்தும் வைக்கோல் வைக்கோலாகவே கிடக்கும். அதன் மேல்தோலில் மெழுகும் சிலிக்காவும் உண்டு, தண்ணீர் ஒட்டாது. 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி ஓர் இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். ஊறிய வைக்கோல் 15 செ.மீ., பசுந்தழை 5 செ.மீ., அதன் மேல் கூழாகக் கரைத்த சாணம் என்று 1.5 மீட்டர் அகலத்தில் 1 முதல் 1.2 மீட்டர் உயரம் வரை அடுக்க வேண்டும். ஒரு கன மீட்டருக்குக் குறைவான குவியல் சூட்டைத் தக்கவைக்காது.

இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். இந்தச் சூடு நெல்லுக்கு மிக முக்கியம். வைக்கோலோடு வரும் குதிரைவாலிப் புல் விதை, இலையுறைக் கருகல் நோயின் பூசண முடிச்சுகள், குலைநோய்ப் பூசணம் ஆகியவை சாவது இங்கேதான். புழுவின் வயிற்றில் விதைகள் சாகாது. சூடேறாத குவியலைத் தொட்டிக்கு மாற்றினால், உரத்தோடு சேர்த்துக் களையையும் நோயையும் நாமே வயலில் விதைக்கிறோம்.

ஐந்தாம் நாள், பதினோராம் நாள், பதினேழாம் நாள் என மூன்று முறை கிளறி, வெளிப்புறத்தை உள்ளே தள்ள வேண்டும். ஓரம் சூடேறாமல் தப்பியிருக்கும். அதை உள்ளே கொண்டுவராவிட்டால் கிளறுவதில் பாதிப் பயன் போய்விடும். இரண்டாம் கிளறலில் தொட்டி ஒன்றுக்கு 5 கிலோ பாறைப் பாஸ்பேட் தூள் கலந்தால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) கூடும். மக்கும்போது உண்டாகும் அமிலங்கள் அதில் ஒரு பகுதியைக் கரைக்கும். சுண்ணாம்பும் விறகுச் சாம்பலும் வேண்டாம். அவை காரத்தன்மையை ஏற்றி அம்மோனியாவை விரட்டிவிடும், குவியலின் தழைச்சத்து காற்றில் போகும்.

சூடு ஏறவே இல்லை என்றால் மூன்று காரணம்தான்: ஈரம் போதவில்லை, சாணம் குறைவு, குவியல் சிறியது. கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம், அப்போது புளித்த வாடையும் சேர்ந்தே வரும்; உலர்ந்த வைக்கோல் கலந்து உடனே கிளற வேண்டும்.

புழு விடுதல்

குவியல் 30 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே தொட்டிக்கு மாற்ற வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் ஒரு கம்பியைப் பத்து நிமிடம் நடுவில் செருகி வைத்து எடுத்து உள்ளங்கையில் பிடித்துப் பார்க்கலாம். வெதுவெதுப்பு தெரிந்தால்கூடக் காத்திருக்க வேண்டும். 35 டிகிரியைத் தாண்டினால் புழு தாங்காது.

எல்லாப் புழுவையும் ஒரே நாளில் விடாதீர்கள். ஒரு மண்சட்டியில் அதே பொருளைப் போட்டு இருபது முப்பது புழுவை மட்டும் விட்டு, மறுநாள் காலை பாருங்கள். உள்ளே இறங்கியிருந்தால் பொருள் தயார். விளிம்பில் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் அம்மோனியாவோ சூடோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். இன்னொரு முறை கிளறி நான்கைந்து நாள் ஆறவிட வேண்டும்.

சதுர மீட்டருக்கு 1 கிலோ புழு, அதாவது இந்தத் தொட்டிக்கு 3 கிலோ. வெப்பமான இடங்களில் யூட்ரிலஸ் யூஜினியே என்ற புழு இனம் வேகமாகத் தின்னும், குளிரில் சுணங்கும். ஐசீனியா ஃபெட்டிடா வெப்பநிலை ஏற்ற இறக்கத்தை நன்றாகத் தாங்கும். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஈரம் கூடினாலும் சமாளிக்கும். மூன்றும் மேல்மட்டக் குப்பையில் வாழ்பவை. ஆகவே உரத்தோடு போகும் குட்டிப் புழுவும் முட்டைக்கூடும் வயலில் பெருகி மண்ணை உழும் என்ற நம்பிக்கையைக் கைவிடலாம். நீர் தேங்கிய சேற்றில் அவை பிழைக்காது. சல்லடையில் தேறும் புழுவையெல்லாம் தொட்டிக்கே திருப்பிவிடுவதுதான் சரி.

ஈரம் 60 முதல் 70 சதவீதம். வைக்கோல் கலந்த தொட்டியில் மேற்பரப்பு காய்ந்தும் அடிப்பகுதி சொதசொதவென்றும் இருக்கும். மேலே பார்த்துத் தண்ணீர் தெளித்தால் அடி அழுகும். கையை 20 செ.மீ. உள்ளே விட்டுப் பார்த்த பிறகே தெளிக்க வேண்டும். மேலே ஈரச் சாக்கு போர்த்திவிட்டால் தெளிக்கும் தடவை பாதியாகும்.

இரவில் புழு கூட்டமாக வெளியேறினால் அடியில் காற்றில்லை அல்லது அமிலம் ஏறிவிட்டது. அரையடி விட்டு அரையடி ஒரு கோல் கொண்டு குத்தித் துளையிட்டு, வடிதுளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்; பெரும்பாலும் அடைத்துத்தான் இருக்கும். எறும்பு வந்தால் தொட்டி காய்ந்துவிட்டது என்பதன் அடையாளம். சுற்றிலும் ஒரு கைப்பிடி அகலத்துக்கு நீர்க்கால்வாய் விடுவது எறும்பைத் தடுக்கும். ஈரத்தைச் சரிசெய்யாமல் அது மட்டும் போதாது. பூச்சிமருந்துப் பொடி தூவினால் எறும்புக்கு முன் புழு சாகும். அறுவடைக்குச் சற்று முன் பூச்சிக்கொல்லி அடித்த வைக்கோலையும், குடற்புழு நீக்க மருந்து கொடுத்த மாட்டின் சாணத்தையும் தனியாக ஒதுக்கி, மாதக்கணக்கில் மக்க விட்டுப் பிறகு பயன்படுத்துவது பாதுகாப்பு.

உரம் எடுப்பதும் முதிர்ச்சி பார்ப்பதும்

தேயிலைத் தூள் போல் கறுத்துப் பொலபொலவென்று ஆனதும், ஐந்தாறு நாள் தண்ணீரை நிறுத்தி, கூம்பாகக் குவித்து வைத்தால் புழு அடிக்கு இறங்கிவிடும். மேலிருந்து அள்ளி நிழலில் இரண்டு வாரம் ஆற வைக்கலாம். நாற்றங்காலுக்குப் போவதை மட்டும் 4 மி.மீ. சல்லடையில் சலித்தால் போதும்; வயலுக்குப் போவதைச் சலிப்பது வீண் உழைப்பு.

நிறத்தையும் வாசனையையும் மட்டும் நம்பினால் நெல்லில் ஏமாற்றம்தான். ஈரமான உரத்தை ஒரு பாலித்தீன் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறங்கள். மண்வாசனை வந்தால் முதிர்ந்தது, புளிப்போ அழுகலோ வந்தால் இல்லை. நெல்லுக்காக இன்னொரு சோதனையும் செய்யலாம். இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் வயல் மண் போட்டு, ஒன்றில் மட்டும் ஒரு பிடி உரம் கலந்து, இரண்டிலும் மண்ணுக்கு மேல் மூன்று விரல் தண்ணீர் நிற்கும்படி ஒரு வாரம் வையுங்கள். உரம் கலந்த பாட்டிலில் மண் மற்றதைவிட வேகமாகக் கறுத்து, குமிழியும் அழுகிய முட்டை வாடையும் வந்தால், வயலில் வேருக்கும் அதுதான் நடக்கும். அந்த உரம் இன்னும் மூன்று வாரம் காத்திருக்கட்டும்.

வெயிலில் உலர்த்தக் கூடாது. நுண்ணுயிர் சாவது ஒருபுறம் இருக்க, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் உரம் தண்ணீரை ஏற்காமல் மிதக்கும். நெல் வயலில் மிதக்கும் உரம் காற்றுக்கு ஒரு மூலையில் ஒதுங்கும், மடை திறந்திருந்தால் பக்கத்து வயலுக்குப் போகும். 30 முதல் 40 சதவீத ஈரத்தில் சணல் சாக்கில் வைத்திருப்பதே நல்லது.

முதல் பங்கு நாற்றங்காலுக்கு

கையில் இருப்பது 200 கிலோதான் என்றால் முழுவதையும் நாற்றங்காலுக்கே கொடுக்கலாம். தாள் விரித்து அதன் மேல் மெல்லிய மண் கலவையில் வளர்க்கும் பாய் நாற்றங்காலில் நீர் தேங்குவதில்லை, ஈரம் மட்டுமே இருக்கும். நைட்ரேட் வீணாகாமல் நாற்றின் வேருக்குப் போகிறது. கொடுக்கும் உரம் முழுக்கப் பலன் தருவது நெல் சாகுபடியில் இந்த ஒரே இடத்தில்தான்.

ஒரு ஏக்கர் நடவுக்கு 40 சதுர மீட்டர் நாற்றங்கால். 4 செ.மீ. கனத்துக்கு மண் கலவை 1.6 கன மீட்டர் தேவை. அதில் சலித்த மண் ஏழு பங்கு, மண்புழு உரம் இரண்டு பங்கு, உமி அல்லது உமிக்கரி ஒரு பங்கு. எடையில் உரம் ஏறத்தாழ 200 கிலோ வரும். ஒற்றை நாற்று முறைக்கு 3 கிலோ விதை இதில் தாராளமாக அடங்கும். சதுர மீட்டருக்கு 75 கிராம். உமி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் பாய் கெட்டிப்பட்டு, பிரிக்கும்போது வேர் அறுந்துவிடும்.

உரத்தை இரண்டு பங்கிலிருந்து நான்கு பங்காக உயர்த்தினால் நாற்று இன்னும் செழிக்கும் என்று தோன்றும். நடப்பது வேறு. உரத்தில் கரைந்த உப்பும் உண்டு, இளநாற்றுப் பருவத்தில் நெல் உப்பைத் தாங்காது. முளைத்த ஒரு வாரத்தில் இலை நுனி வெளுத்துக் காய்ந்தால் உப்புதான் காரணம். இரண்டு நாள் தொடர்ந்து பூவாளியால் தெளித்து நீரை வடியவிட்டால் தேறிவிடும். மாட்டுச் சிறுநீர் அதிகம் கலந்த சாணத்தில் செய்த உரத்தில் இது கூடுதலாகத் தெரியும். உரத்தின் மின்கடத்துத் திறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் எண்) மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருப்பது நல்லது. மண் பரிசோதனை செய்யும் இடங்களில் இதை அளந்து தருவார்கள். சேற்று நாற்றங்கால் போடுபவர்கள் சென்ட்டுக்கு 25 கிலோ கணக்கில், விதைப்பதற்கு முன் மேல் இரண்டு அங்குலச் சேற்றில் கலந்தால் போதும்.

நாற்று 14 முதல் 18 நாளில் நடவுக்குத் தயாராகும். வேர் வெள்ளையாக, பாய் சுருட்டினால் உடையாமல் வர வேண்டும்.

நடவு வயல்

மீதி 800 கிலோ வயலுக்கு. சதுர மீட்டருக்கு 200 கிராம். கையளவில் இரண்டு பிடி. இதைக் கோடை உழவில் புழுதியில் போடுவது பெரும்பாலோர் வழக்கம், ஆனால் நீர் கட்டும் நெல்லுக்கு அது பொருந்தாது. புழுதியில் கிடக்கும் வாரங்களில் உரத்தின் தழைச்சத்து மேலும் நைட்ரேட்டாக மாறும், நீர் கட்டியதும் மொத்தமாகப் போகும். கடைசிச் சேற்றுழவு முடிந்து, நீரை விரற்கடை அளவுக்கு வடித்து, வடிமடையை மண் வைத்து அடைத்த பிறகு, ஈரமான உரத்தைச் சீராக வீச வேண்டும். உடனே ஒருமுறை பரம்படித்து (பலகையால் சேற்றைச் சமன்செய்து) உள்ளே அமுக்கி, அன்றோ மறுநாளோ நட்டுவிட வேண்டும். அடுத்த ஒரு வாரம் 2 முதல் 3 செ.மீ. நீர் மட்டும் நிற்கட்டும். வெளியே ஒரு சொட்டும் போகக் கூடாது. சேறு தெளியும் முன் வடித்தால் உரத்தின் நுண்ணிய பகுதி நீரோடு போய்விடும்.

இப்படிச் செய்தும் ஏற்கெனவே உள்ள நைட்ரேட்டில் ஒரு பங்கு போகத்தான் செய்யும். மீதியுள்ள தழைச்சத்து அங்ககப் பொருளில் கட்டுண்டு இருக்கிறது. அது சேற்றுக்குள் சிதையும்போது அம்மோனியமாக வெளிவரும், நெல் அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். பரம்புக்கு அடியில் அமுக்கச் சொல்வது இதற்காகத்தான். நீர்ப்பரப்பிலோ சேற்றின் மேல்படலத்திலோ கிடந்தால் ஆக்சிஜன் பட்டு மறுபடி நைட்ரேட்டாகி, அடியில் இறங்கி, மறுபடி வாயுவாகும். அப்படி மேலே கிடந்த வயலில் நடவான பத்து நாளில் பச்சைப் பாசி படர்வதையும் காணலாம்; கரையும் மணிச்சத்து பாசிக்குத்தான் முதலில் கிடைக்கிறது.

வரிசை நடவில் உருளைக் களைக்கருவி ஓட்டுபவர்கள் 800 கிலோவில் 200 கிலோவை நிறுத்திவைத்து, நடவான 10 முதல் 12 நாளில் முதல் களையெடுப்புக்குச் சற்று முன் தூவி, கருவியால் உள்ளே புரட்டலாம். அதற்குப் பிறகு, குறிப்பாகக் கதிர் உருவாகும் பருவத்தில், மேலுரமாகத் தூவுவதில் பலன் இல்லை. அது சிதைந்து சத்து வெளிவரும் நேரத்தில் பயிர் எடுக்கும் காலம் முடிந்திருக்கும். நேரடிப் புழுதி விதைப்பாக இருந்தால் விதை வரிசையிலேயே, விதைக்கும் அன்றே இட வேண்டும்.

துத்தநாகம் குறைந்த, காரத்தன்மை கூடிய மண்ணாக இருந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 50 கிலோ ஈர உரத்தோடு கலந்து கடைசிப் பரம்புக்குப் பின் தூவலாம். பாஸ்பேட் உரத்தோடு ஒன்றாகக் கலக்க வேண்டாம். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற நுண்ணுயிர் உரங்களை இதே போல் இன்னொரு 50 கிலோ உரத்தில் கலந்து ஒரு வாரம் நிழலில் ஈரமாக வைத்துப் போட்டால் அவை பெருகிய நிலையில் வயலுக்குப் போகும். ஆனால் துத்தநாக சல்பேட்டோடு சேர்த்து அல்ல, தனிப் பையில்.

தழைச்சத்துக் கணக்கு

800 கிலோ உரத்தில் 30 சதவீத ஈரம் போக 560 கிலோ. அதில் 1.5 சதவீதம் என்றால் 8.4 கிலோ தழைச்சத்து. முதல் போகத்தில் வெளிவருவது அதில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு. ஏறத்தாழ இரண்டு மூன்று கிலோ. ஒரு டன் நெல் விளைய, பயிர் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுக்கும். ஏக்கருக்கு இரண்டரை டன் எதிர்பார்த்தால் 40 முதல் 50 கிலோ. மண்ணே ஒரு பங்கைத் தரும் என்றாலும் இடைவெளி பெரியது. மண்புழு உரம் போட்டோம், இனி வேறு தழைச்சத்தே வேண்டாம் என்று முதல் போகத்திலேயே முடிவெடுத்தால் தூர் கட்டும் பருவத்தில் பயிர் வெளிறும். இயற்கை முறையில் தொடங்கிப் பலர் இரண்டாம் போகத்தில் கைவிடுவது இந்த இடத்தில்தான். குறை உரத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

ரசாயன உரமே வேண்டாம் என்பவர்கள் தக்கைப்பூண்டை நம்பலாம். 45 முதல் 50 நாளில் ஏக்கருக்கு 6 டன் பசுந்தழை வந்தால் 25 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் தழைச்சத்து. அதை நடவுக்கு ஒரு வாரம் முன் மடக்கி உழுது நீர் கட்டினால் அம்மோனியமாகவே வெளிவரும். நீரில் மிதந்து வளரும் அசோலாவும் பிண்ணாக்கும் மீதியை நிரப்பும். கலந்து செய்பவர்கள் முதல் போகத்தில் பரிந்துரைத்த தழைச்சத்தில் 20 முதல் 25 சதவீதம் மட்டும் குறைத்து, இலை வண்ண அட்டையை (இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணிட்ட நிற அட்டை) வாரம் ஒருமுறை வைத்துப் பார்த்து, நிறம் 4ஆம் எண்ணுக்குக் கீழே இறங்கும்போது மட்டும் யூரியா இட வேண்டும்.

மணிச்சத்தும் சாம்பல் சத்தும் இவ்வளவு இழுபறி இல்லை. இரண்டும் உலர் எடையில் ஏறத்தாழ 1 சதவீதம் என்று கொண்டால், 800 கிலோவில் ஐந்தாறு கிலோ வீதம் வரும். சாம்பல் சத்து ஏறக்குறைய முழுவதும் அந்தப் போகத்திலேயே கிடைக்கும்.

அப்படியானால் இவ்வளவு சிரமப்பட்டு ஏன் செய்ய வேண்டும்? வைக்கோலை எரிக்காமலும் பச்சையாக மடக்காமலும் வயலுக்குத் திருப்பும் வழி இது. பச்சை வைக்கோலை நடவுக்குச் சற்று முன் மடக்கினால் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையே பிடித்துவைக்கும், மீத்தேனும் கூடும். பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் (ஐபிசிசி) 2006 வழிகாட்டி, நடவுக்கு 30 நாளுக்குள் மடக்கிய வைக்கோலின் மீத்தேன் காரணியை (மீத்தேனைக் கூட்டும் அளவை ஒப்பிடும் எண்) 1 என்று வைத்து, மக்கிய உரத்துக்கு 0.05 என்று கொடுத்தது. 2019 திருத்தத்தில் அது 0.17. உயர்த்திய மதிப்பிலும் வித்தியாசம் பெரியது.

நடவுக்குப் பின் இலை மஞ்சளானால்

மஞ்சள் தெரிந்தவுடன் யூரியா மூட்டையைத் தேடாமல், முதலில் ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் வெள்ளையாகவோ செம்பழுப்புப் பூச்சோடோ இருந்தால் வேர் நலம். கீழ் இலை முதலில் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. வேர் கறுத்து அழுகிய முட்டை வாடை அடித்தால் உரம் முதிரவில்லை. நீரை வடித்து, மயிரிழை வெடிப்பு வரும்வரை மூன்று நான்கு நாள் காயவிட்டுப் பிறகு மெல்லிய நீர் கட்ட வேண்டும். அந்த நேரத்தில் யூரியா போட்டால் வேரால் எடுக்க முடியாது. நடவான இரண்டு முதல் நான்கு வாரத்தில் இலையில் துருப்பிடித்தது போன்ற புள்ளியும், இளம் இலையின் அடிப்பக்க நடுநரம்பில் வெளுப்பும் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் துத்தநாகக் குறைவு. 0.5 சதவீத துத்தநாக சல்பேட் கரைசலில் 0.25 சதவீத அளவு சுண்ணாம்பைக் கலந்து, தெளிந்த நீரை இலையில் தெளிக்கலாம்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுபவர்கள் நடவுக்கு இரண்டு வாரம் கழித்தே காயவிடத் தொடங்கட்டும். துளையிட்ட குழாயை நட்டு, மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே நீர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவது பாதுகாப்பான எல்லை. பூக்கும் வாரத்தில் காயவிட வேண்டாம். அடிக்கடி காய்ந்து நனைவதால் கொஞ்சம் தழைச்சத்து போகும், வேருக்குக் காற்று கிடைப்பது அதை ஈடுகட்டும்.

மண்புழு வடிநீரைப் பத்துப் பங்கு நீரில் கலந்து தெளிப்பதில் கெடுதல் இல்லை. தொட்டி அழுகி வடியும் நாற்ற நீர் வேறு. அதை இலையில் படவிடக் கூடாது.

பலன் தெரிய ஒரு பகுதி

வயலில் ஒரு பகுதியை உரமில்லாமல் விட்டால்தான் எதனால் விளைந்தது என்று தெரியும். இடையில் வரப்பு வேண்டும். நீர் கலந்தால் சத்தும் கலக்கும், ஒப்பீடு பொய்யாகும். தக்கைப்பூண்டும் யூரியாவும் இரு பக்கமும் ஒரே அளவு. நடவான 30ஆம் நாள் இருபுறமும் வரப்போரம் தவிர்த்துப் பத்துக் குத்துகளில் தூர் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறுவடையில் இருபுறமும் நடுவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து தனியாக அறுத்து, அடித்து, தூற்றி எடை போட வேண்டும். ஈரமானியில் வந்த சதவீதத்தை 100இலிருந்து கழித்து, அதை எடையால் பெருக்கி, 86ஆல் வகுத்தால் 14 சதவீத ஈரத்துக்கு ஈடான எடை கிடைக்கும். அதை 162ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல். முதல் போகத்தில் இரு பகுதிக்கும் பெரிய வித்தியாசம் வராவிட்டாலும் அதே பகுதிகளை மாற்றாமல் தொடர வேண்டும். மண்ணில் கட்டுண்ட தழைச்சத்து அடுத்தடுத்த போகங்களில்தான் வெளிவரும். இரண்டாம் போகத்திலிருந்து இலை வண்ண அட்டை 4ஐத் தொட்டு நிற்கும் வாரங்கள் கூடினால், அந்த அளவுக்கு யூரியாவை மேலும் குறைக்கலாம்.